கொத்மலை ஓயாவை இடம் மாற்றிய கதை

ஹட்டன் பக்கம் ஒரு மேகம் உடைந்து கொட்டினால் அந்தத் தண்ணீர் முழுக்க ஒரே வழியில் போவதில்லை. டிக்கோயாப் பக்கம் விழுந்தது காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கி, களனி கங்கையாகிக் கொழும்புக்குப் பக்கத்தில் கடலைச் சேரும். கொட்டகலைப் பக்கம் விழுந்தது கொத்மலை ஓயா என்ற ஆற்றில் இறங்கி, மகாவலியோடு கலந்து, மலையைச் சுற்றி வளைந்து திருகோணமலைக்குப் போகும். நடுவில் இருப்பது ஒரு முகடு மட்டும்தான். சின்ன வயதில் அப்பா சொல்லித் தந்த கணக்கு இது. தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் வாசலில் நின்றால் ஓயா தெரியும். ஆனி ஆடியில் அதன் இரைச்சல் இரவு முழுக்க வீட்டுக்குள் கேட்கும்.

இன்று அந்த ஓயாவைக் கணக்குப் போடுவதுதான் என் வேலை. மேலே இவ்வளவு மழை பெய்தால் கீழே எப்போது, எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்லும் ஒரு மொடல் எங்களிடம் இருக்கிறது. ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல் மொழியில் எழுதியது. நான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. 1985இல் கொத்மலை அணை கட்டி முடிந்த காலத்து ஆள் அது. அந்த 87 மீட்டர் அணைக்குள் எவ்வளவு வரும் என்று பார்க்கத்தான் அதை எழுதினார்கள். 2012இல் தலவாக்கலையில் எழுந்த மேல் கொத்மலை அணை அதற்குத் தெரியாது. அந்த மொடலின் ஆற்றில் தலவாக்கலை இன்னும் பழைய தலவாக்கலையாகத்தான் இருந்தது.

அது ஓடிக்கொண்டிருந்த கணினி, அறையின் மூலையில் இருந்தது. விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளத்தின் காலத்து நிரல் அது, பதினாறு பிட். இன்றைய அறுபத்து நான்கு பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடவே ஓடாது. அதனால்தான் அந்தப் பழைய பெட்டியை யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள். மின்சாரம் போய் வந்த ஒரு நாளில் வன்தட்டு கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அன்றே எல்லாவற்றையும் பிரதி எடுத்தோம். இதை லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பழைய டொஸ் கணினியைப் போல நடிக்கும் டொஸ்பொக்ஸ் நிரலுக்குள் போட்டு அப்படியே ஓட விடலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். விட்டிருக்கலாம். விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதைச் செய்தும் வைத்தேன். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மொடலில் புது அணையைச் சேர்க்க முடியாது, மணிக்கொரு முறை வரும் மழைத் தரவைக் கொடுக்க முடியாது, நாளை இந்த வேலைக்கு வரும் பிள்ளை அதைத் திறந்து படிக்கவும் முடியாது. ஆற்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அதன் கணக்கைத் திறந்து பார்க்க முடிய வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரி.

மொடல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. ஜப்பானின் சுகவாரா என்ற நீரியல் அறிஞர் உருவாக்கிய தொட்டி முறை இது. நான்கு அண்டாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் துளை, கடைசியைத் தவிர மற்றவற்றின் அடியிலும் ஒரு துளை. மழை மேல் அண்டாவில் விழுகிறது. அதில் தண்ணீர் பக்கத் துளை உயரத்தைத் தாண்டினால் வெளியே பாய்கிறது, அதுதான் மழையோடு உடனே வரும் வெள்ளம். அடித்துளை வழியே இறங்குவது இரண்டாவது அண்டாவுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு. கீழே போகப் போக வேகம் குறைவு. கடைசி அண்டாவில் கசிவதுதான் மாசி பங்குனியில் மழையே இல்லாதபோதும் ஓயாவில் ஓடும் தண்ணீர். தேயிலை மண்ணும் பற்றைக் காடும் மானாப் புல்லும் குடித்து வைத்திருக்கும் தண்ணீரை இந்த நான்கு அண்டாக்கள் நடித்துக் காட்டுகின்றன. எத்தனை எளிமை! துளைகளின் உயரத்தையும் அளவையும் சரியாகப் பிடிப்பதில்தான் கஷ்டமெல்லாம்.

இந்த மொடலை எழுதியவர்களில் ஒருவர் இப்போது கண்டியில் ஓய்வில் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். வேலை தொடங்கும் முன் அவரைப் போய்ப் பார்த்தேன். நிரலில் இருக்கும் பிழைகளையும் கையோடு திருத்திவிடலாம் என்றிருக்கிறேன் சேர் என்றேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, முதல்ல பிழையளையும் சேர்த்துக் கொண்டு போங்கோ. திருத்திறது பிறகு. ரெண்டையும் ஒண்டாச் செய்தீங்கள் எண்டா, எது எதால மாறினது எண்டு உங்களுக்கே தெரியாமப் போயிடும்."

அந்தப் பேச்சைத்தான் கடைசிவரை பிடித்துக்கொண்டேன். பழைய கணினி தந்த விடையைப் புதியதும் தர வேண்டும், பிழையான விடையாக இருந்தாலும் சரி. ஒப்பிட்டுப் பார்க்க 1981 முதல் 1990 வரை பத்து வருடத் தரவை எடுத்துக்கொண்டேன்.

முதல் சில நாள் தொல்லைகள் இந்த வேலை செய்த எல்லோருக்கும் தெரிந்தவை. லினக்ஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, டொஸில் ஒன்றே. பாதைகளில் சாய்கோடு மறுபக்கம் திரும்ப வேண்டும். வரி முடிவில் டொஸ் விட்டுவைக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை நீக்க வேண்டும். அண்டாக்களின் நிலையைச் சேமித்து வைக்கும் இருமக் கோப்பைப் புதிய தொகுப்பியால் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) வாசிக்கவே முடியவில்லை. பழையது அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் அடையாளம் வைத்து எழுதும் பழக்கம் கொண்டது. பழைய பெட்டியிலேயே அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாக எழுத வைத்து எடுத்து வந்தேன். ஒரு வாரத்தில் இதெல்லாம் முடிந்தது.

அப்புறம்தான் ஆறு காணாமல் போனது.

நிரல் தொகுப்பாகி ஓடியது. முதலில் சரியாகவே ஓடியது. வேகமாக ஓடட்டும் என்று தொகுப்பியின் உகப்பாக்கத்தைக் கூட்டினேன். உடனே ஆற்றில் தண்ணீர் தாறுமாறாகிவிட்டது. ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி, இடையே எழுத முடியாத அளவுக்குப் பெரிய எண்கள். மூன்று இரவுகள் அதிலேயே போயின. கடைசியில் பிடிபட்டது. அண்டாவில் நேற்று மிஞ்சிய தண்ணீர் ஒரு துணை நிரலின் உள் மாறியில் இருந்தது. பழைய டொஸ் தொகுப்பி அப்படிப்பட்ட மாறிகளுக்கு நிலையான இடம் கொடுக்கும். துணை நிரல் முடிந்து திரும்ப அழைக்கப்படும்போதும் பழைய எண் அங்கேயே இருக்கும். தொடக்கத்தில் பூச்சியமாகவும் இருக்கும். புதிய தொகுப்பி அப்படிச் செய்ய வேண்டியதில்லை. துணை நிரல் முடிந்ததும் அந்த இடத்தை வேறு எதற்காவது கொடுத்துவிடும். இந்த எண்ணை வைத்திரு என்று ஃபோர்ட்ரானில் சொல்ல ‘சேவ்’ என்று ஒரு கட்டளை உண்டு. எழுதியவர்கள் அதை எழுதவில்லை. அவர்கள் கணினியில் அது தேவைப்படவில்லை.

ஒரு ‘சேவ்’ எழுதாமல் விட்டதால் ஒரு மலையே நேற்றுப் பெய்த மழையை மறந்துபோனது. அந்த வரியைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டபோது, பத்து வருட ஓயா திரையில் ஏறி இறங்கி வந்ததைப் பார்த்து அறையில் தனியாக நின்று கைதட்டினேன்.

சரி, அடுத்தது தசமங்கள். பழைய கணினியின் கணிதப் பகுதி, கணக்கின் நடுவே எண்களை எண்பது பிட் அகலத்தில் வைத்திருந்து கடைசியில்தான் சுருக்கும். இன்றையது ஒவ்வொரு படியிலும் சுருக்கிவிடும். அதனால் ஆறாவது ஏழாவது இலக்கத்தில் விடைகள் விலகின. அண்டாக்களைப் பொறுத்தவரை இது கவலைப்பட வேண்டியதே இல்லை. பக்கத் துளையில் நீர் மட்டம் தொடும் இடத்தில் வெளியேற்றம் பூச்சியத்திலிருந்துதான் தொடங்கும். மட்டம் மயிரிழை கூடினால் வெளியேற்றமும் மயிரிழைதான் கூடும். ஆனால் அணைக் கதவுக்கு எழுதிய விதி அப்படியில்லை. மட்டம் இவ்வளவை எட்டினால் திற, எட்டாவிட்டால் மூடு. அங்கே ஒரு மயிரிழை வித்தியாசம் ஒரு கதவு முழுவதையும் ஒரு நாள் முன்னால் திறந்துவிடும். அப்படி இரண்டு இடங்களில் நடந்தது. அந்த இரண்டு நாட்களையும் கையால் கணக்கிட்டுப் பார்த்து, காரணம் இதுதான் என்று எழுதி வைத்துவிட்டு நகர்ந்தேன்.

அதற்கடுத்து, 1990க்குப் பிந்திய தரவையும் ஓட விட்டபோது வந்த சிக்கல் கடிகாரத்தில் இருந்தது. இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் புரியும் சிக்கல்.

1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின. அப்போது நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின்சாரம். நீண்ட மின்வெட்டு வந்தது. வெளிச்சத்தை மிச்சப்படுத்த அந்த மே மாதம் 25ஆம் திகதி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. பழைய நேரமா, புது நேரமா என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பத்து வருடமும் கலியாண முகூர்த்தம்கூடப் பார்த்தோம். டொஸ் கணினிக்கு இது எதுவும் தெரியாது, அதன் கடிகாரத்தை யாரோ கையால் திருப்பி வைத்தார்கள். லினக்ஸுக்கோ எல்லாம் தெரியும். கொழும்பு நேரம் என்று சொன்னவுடன் 1996இன் இரண்டு மாற்றங்களையும் 2006இன் மாற்றத்தையும் அதுவே கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனால் ஆற்று மட்டம் எழுதும் கருவிகளில் சில புது நேரத்துக்கு மாற்றப்பட்டிருந்தன, சில பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. அதனால் மழை பெய்வதற்கு முன்னாலேயே ஓயாவில் வெள்ளம் ஏறியது. செங்குத்தான மலை இது. முகட்டில் விழுந்த தண்ணீர் சில மணித்தியாலத்தில் கீழே வந்துவிடும். அதில் அரை மணி நேரம் சின்ன விஷயமில்லை. ஒவ்வொரு கருவியின் குறிப்புப் புத்தகத்தையும் தேடி, எல்லாவற்றையும் பழைய நேரத்துக்கே கொண்டுவந்தேன். ஆறு வற்றியதால் கடிகாரம் மாறியது, கடிகாரம் மாறியதால் அதே ஆற்றின் கணக்குப் பிசகியது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனது என்னவோ போல் ஆகிறது.

இவ்வளவுக்குப் பிறகு, புதிய கணினி பழையதன் விடையை அப்படியே தந்தது. இடம் மாற்றும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மழைத் தரவை வாசித்துக் கொடுக்கும் பகுதியை மட்டும் பைத்தன் என்ற நிரல் மொழியில் எழுதியிருந்தேன், பின்னால் புதிய தரவைச் சேர்க்க வசதியாக இருக்கும் என்று. அதை இணைத்து ஓட விட்டேன். மொடல் 1981 தீபாவளி வரை ஓடியது. பிறகு நின்றது. அந்த நாளுக்கு மேல் எல்லாக் கட்டங்களிலும் ‘எண் இல்லை’ என்ற குறி. அண்டாவில் ஒரு தரம் அந்தக் குறி விழுந்துவிட்டால் அதோடு எதைக் கூட்டினாலும் கழித்தாலும் விடை அதே குறிதான். மறுநாளும், அதற்கு மறுநாளும், பத்து வருடமும்.

தரவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்தத் திகதியில் எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மழை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கோப்பு நெடுக இப்படி வெறுமைகள் இருந்தன. தீபாவளி, பொங்கல், மாரியம்மன் திருவிழா நாட்கள், சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்த நாட்கள். எல்லாம் அளக்கிற ஆள் வராத நாட்கள்.

பழைய ஃபோர்ட்ரான் வெறும் இடத்தை எண்ணாக வாசிக்கும்போது பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். அதன் விதியே அதுதான், அதில் பிழை ஒன்றும் இல்லை. அதனால் முப்பது வருடமாக இந்த மொடல், யாரும் அளக்காத ஒவ்வொரு நாளையும் மழை பெய்யாத நாள் என்று நம்பியிருந்தது. இதிலே இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. மழைமானியின் குடுவை ஆள் வந்தாலும் வராவிட்டாலும் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டேதான் இருக்கும். தீபாவளிக்கு மறுநாள் வந்து அளக்கிறவர் இரண்டு நாள் மழையை ஒரே நாளில் எழுதுவார். தீபாவளி வருவதோ ஐப்பசியில், எங்கள் மலையில் பின்னேரம் இடி மின்னலோடு கொட்டும் மாதத்தில். மொடலுக்கு ஒரு வறண்ட நாளும், பின்னால் ஒரு பொய் வெள்ளமும் கிடைத்தன.

இந்த வெறுமைகளில் நீளமானது 1983 ஜூலை கடைசி வாரத்தில் தொடங்கி ஆகஸ்டுக்குள் நீண்டது. தென்மேற்குப் பருவமழையின் உச்சக் காலம். ஆற்று மட்டக் கணக்கைப் பார்த்தால் ஓயா கரை தொட்டு ஓடியிருக்கிறது. மொடலோ ஒரு சொட்டு மழையும் இல்லை என்கிறது. மழையே இல்லாமல் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று துளைகளைச் சரிபார்த்தவர்கள் யோசித்திருப்பார்கள். கீழ் அண்டாக்களில் நிறையத் தண்ணீர் இருந்தால்தான் அது சாத்தியம். அப்படியே துளைகளை மாற்றி அமைத்துவிட்டார்கள். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மொடலின் ஆறு நிஜ ஆற்றைவிட எப்போதும் கொஞ்சம் நிறைந்தே ஓடியதன் காரணங்களில் ஒன்று இது. வெறுமைகளைச் சரிசெய்து துளைகளை மறுபடி பொருத்தியபோது அந்த உபரி பெரும்பாலும் போய்விட்டது.

சேருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. "ஓம் பிள்ளை," என்றார் பிறகு. "அந்த வெறும் இடம் மழை பெய்யேல்லை எண்டு சொல்லேல்லை. ஆரும் பார்க்கேல்லை எண்டுதான் சொல்லுது. எங்களுக்கு அது அப்ப விளங்கேல்லை." அந்த ஜூலையில் அவர் தானே கொழும்பில் ஓர் அகதி முகாமில் இருந்ததை அன்றுதான் என்னிடம் சொன்னார்.

விடுபட்ட நாட்களை நிரப்ப வழி இருக்கிறது. பக்கத்துத் தோட்டங்களின் அளவுகளை எடுத்து, வழமையாக இந்தத் தோட்டத்துக்கும் அவற்றுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி, சராசரி பார்ப்பது. பக்கத்துத் தோட்டம் என்றாலும் கவனம் வேண்டும். வட்டவளையில் கொட்டுகிற மழையில் பாதிகூட ஒரு முகடு தாண்டினால் இருக்காது. அதே முகட்டின் இந்தப் பக்கம் இருப்பவற்றை மட்டும் எடுத்தேன். நிரப்பிய எண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது அளந்தது, இது கணித்தது என்று ஒரு குறி வைத்தேன். யாரும் இனி அதை அளந்த மழை என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்கே போனேன். மழைமானி பார்த்த தாத்தா இருக்கிறார், லயத்தின் கடைசி வீட்டில், பேரப்பிள்ளைகளோடு. எத்தனை மணிக்கு அளப்பீர்கள் தாத்தா என்றுதான் முதலில் கேட்டேன். அரசாங்கக் கணக்கு காலை எட்டரைக்கு எட்டரை. "பெரட்டு கலைஞ்சோன்ன பாத்துருவேன் புள்ள. ஆபீஸ் தொறந்ததும் பெரிய கிளாக்கர்கிட்ட சொல்லணும்ல," என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம். கடிகாரம் மாறிய பிறகும் அப்படித்தானா என்றேன். பெரட்டு எப்போதோ அப்போதுதான் என்றார். குறித்துக்கொண்டேன். அளவுக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து எப்படி வாசிப்பது, குடுவையின் வாயில் விழுந்த சருகை எப்படி எடுப்பது என்று வெறும் கையால் செய்து காட்டினார். ஐம்பது வருடத்துக்கு முன் தோட்டத்துத் துரை ஒரே தரம் சொல்லிக்கொடுத்ததாம். இன்னும் ஒரு அசைவு பிசகவில்லை.

பிறகு 1983 பற்றிக் கேட்டேன். அச்சடித்துக் கொண்டுபோன தாளில் அந்த இரண்டு வாரத்தைக் காட்டினேன். பழைய கணினி போட்டிருந்த பூச்சியங்கள் வரிசையாக இருந்தன. அவருக்கு எண்கள் நன்றாகத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்.

"இது யாரு போட்டது?"

கணினி போட்டது தாத்தா, எழுதாமல் விட்ட இடத்தை அது அப்படி எடுத்துக்கொண்டது என்றேன்.

"மழ இல்லாமயா?" என்றார். "நாங்க அத்தன பேரும் புள்ளைங்கள தூக்கிக்கிட்டு ராத்திரி பூரா தேயிலைக்குள்ளதான் ஒக்காந்துருந்தோம். கீழ லயம் எரியிறது தெரியுது. ஒரு சாக்க நாலு பேரு போத்திக்கிட்டு இருந்தோம். விடிய விடிய மழ புள்ள. அந்த மாதிரி மழ."

எத்தனை அங்குலம் என்று அவரால் சொல்ல முடியாது, நான் கேட்கவும் இல்லை. திரும்பி வந்து கோப்பைத் திறந்தேன். அந்த நாட்களுக்குக் கணித்த எண்கள் ஏற்கெனவே இருந்தன, அவற்றை மாற்றவில்லை. குறிப்பு எழுதும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு நாளுக்கும் தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: மழை பெய்தது, அளக்க ஆள் இருக்கவில்லை.